மறைந்த நாட்டின் மாணாக்கன்

நான் படித்த தேசம் இப்போது பூகோளப் படத்தில் இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் என்னைச் சற்று ஏற இறங்கப் பார்ப்பது வழக்கம். கடலில் மூழ்கிய கபாடபுரத்தில் படித்தவனோ என்று சிலர் பரிகாசம் செய்வதும் உண்டு. விஷயம் அவ்வளவு புராதனமானதல்ல. 1949-ஆம் வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி பிறந்து, 1990-ஆம் வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி மறைந்துபோன கிழக்கு ஜெர்மனியில், லைப்ஸிக் என்னும் நகரத்தில், 1984 முதல் 1988 வரையில் மிருக வைத்தியம் பயின்றவன் நான். ஆட்டின் வயிற்றிலுள்ள புழுவைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றேன். சபையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயம் அல்லவென்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஆடு வளர்த்துப் பிழைப்பவனுக்கு அதன் அருமை தெரியும்.

முப்பது வருஷங்கள் சென்றன. 2018-ஆம் வருஷத் தொடக்கத்தில் அந்த லைப்ஸிக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய மாணாக்கர்களை இரண்டு மாதம் விருந்தினராக அழைத்து, மறுபடியும் ஆராய்ச்சி செய்ய இடம் கொடுக்கும் ஏற்பாட்டின்படி நான் போட்டிருந்த விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டது என்பதே அதன் சாராம்சம். என் சகதர்மிணியிடம் படித்துக் காட்டினேன். அவள் முறத்திலிருந்த அரிசியினின்றும் கண்ணை எடுக்காமல், "முப்பது வருஷம் கழித்துக் கூப்பிடுகிறார்களா? அங்கே ஏதாவது கடன் பாக்கி வைத்துவிட்டு வந்தீர்களோ?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு ஆகாய விமானம் ஏறி ஜெர்மனிக்கும் வந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இளமையில் நான் அங்கே போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய சர்க்கார் கிழக்கு ஜெர்மனியை 1972-ஆம் வருஷத்தில் அங்கீகரித்தது. அதன் பிறகு இரு நாடுகளுக்கும் இடையே மாணாக்கர் போக்குவரத்து பெருகிற்று. அந்தப் பிரவாகத்தில் நானும் ஒரு துரும்பாக மிதந்து போனேன். போனவுடன் ஆராய்ச்சியில் இறங்கிவிட முடியாது. அந்நிய நாட்டார் யாவரும் முதலில் ஹெர்டர் நிலையம் என்னும் பாடசாலையில் ஜெர்மன் பாஷை கற்றாக வேண்டும். எங்கள் வகுப்பில் வியட்நாம்காரர் இருவர், எதியோப்பியர் ஒருவர், சிரியாக்காரர் ஒருவர், கியூபா தேசத்துப் பெண்மணி ஒருவர், அப்புறம் நான். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆகையால் நாங்கள் சண்டை போடுவதானாலும் ஜெர்மன் பாஷையில்தான் போட வேண்டும். அதனால் சீக்கிரமே பாஷை வந்துவிட்டது.

ஜெர்மன் பாஷையில் துணை வாக்கியங்களின் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும். மற்றவர்கள் இதைக் கண்டு மலைத்தார்கள். எனக்கு மட்டும் அது பிறந்த வீட்டுப் பழக்கம்போல் இருந்தது. ஆசிரியை வியந்து, "உமக்கு இது எப்படி இவ்வளவு எளிதாக வருகிறது?" என்று கேட்டார். "அம்மணி, எங்கள் தமிழ் நாட்டில் வினைச்சொல் வருகிற வரையில் காத்திருப்பதுதான் மரியாதை" என்றேன். அந்த மாதுசிரோமணி அன்றிலிருந்து என்னிடம் தனி அபிமானம் வைத்தார். முதல் பனிக்காலத்தில் என் விரல்கள் விறைத்திருப்பதைப் பார்த்து, தம் கையாலேயே கம்பளி உறை பின்னிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த விருந்துக்குப் பின்னால் அரசியல் இல்லாமல் இல்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தனக்குச் சிநேகிதர்கள் வேண்டும் என்பதற்காகவே அந்த ராஜ்யம் எங்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது. எதிர் அணியிலிருந்த ராஜ்யங்களும் அதையேதான் செய்தன. தன் சொந்தப் பிரஜைகளைச் சுவர் கட்டி அடைத்து வைத்த சர்க்கார் அது. கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் ரகசியப் போலீஸ் அதற்கு இருந்தது. இதையெல்லாம் அறிந்த பிறகும், கம்பளி உறை பின்னிய அந்தக் கைகளை அரசியல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ராஜ்யம் கொடுத்தது வேறு. மனிதர் கொடுத்தது வேறு.

1988-ஆம் வருஷம் ஊர் திரும்பினேன். மறு வருஷம் அக்டோபர் 9-ஆம் தேதி, நான் தினந்தோறும் நடந்த அதே லைப்ஸிக் வீதிகளில் சுமார் 70,000 ஜனங்கள் கையில் ஆயுதமின்றிக் கூடி நடந்தார்கள். துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. ஒரு வருஷத்துக்குள் ராஜ்யமே மறைந்தது. காந்தி மகானின் தேசத்தில் பிறந்த நான், அஹிம்சையாய் நடந்த ஒரு புரட்சியை ஒரே ஒரு வருஷத்தால் தவறவிட்டேனே என்று பத்திரிகையைப் படித்துவிட்டு வருந்தினேன்.

வருந்த வேண்டிய வேறொரு விஷயம் பின்னாலேயே வந்தது. எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய சமயம். காரியாலயத்துத் தலைமைக் குமாஸ்தா என் தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஸார், பட்டம் கொடுத்த தேசமே இல்லை என்கிறார்களே! அப்புறம் பட்டம் மட்டும் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். தர்க்க சாஸ்திரப்படி அவருடைய கேள்வியில் பிழை இல்லை. இரு ஜெர்மனிகளும் செய்துகொண்ட ஐக்கிய உடன்படிக்கையில் 37-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மறைந்த ராஜ்யத்தில் பெற்ற கல்வித் தகுதிகள் அப்பகுதியில் தொடர்ந்து செல்லும் என்று அது சொல்கிறது. அந்தப் பிரிவின் நகலைத் தேடிப் பிடித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, முத்திரை குத்தி, மேஜை மேஜையாக ஏற்றி இறக்குவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. அந்த ஒரு வருஷமும், யாரோ என் பெற்றோரின் கல்யாணம் செல்லுமா என்று விசாரித்துக் கொண்டிருப்பதுபோல் எனக்கு இருந்தது.

இந்த மனநிலையில் இருந்தவனுக்குத்தான், பிற்காலத்தில் ஒரு விஷயம் தெரியவந்தது. டி.ஏ.ஏ.டி. என்று நான்கு எழுத்தில் வழங்கும் ஜெர்மன் கல்விப் பரிவர்த்தனை ஸ்தாபனம் 1925-ஆம் வருஷத்தில் ஹைடல்பர்க் நகரில் தோன்றியது. யுத்தத்தோடு 1945-இல் மூடப்பட்டு, 1950-இல் பான் நகரில் மறுபிறவி எடுத்தது. அது மேற்கு ஜெர்மனியின் ஸ்தாபனம். கிழக்கில் படித்த எங்களுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. ஆயினும், இரு நாடுகளும் ஒன்றானபோது, படிப்பின் நடுவில் நின்ற அந்நிய நாட்டு மாணாக்கரின் உபகாரச் சம்பளத்தை அது ஏற்றுக்கொண்டது. பழைய மாணாக்கரை ஒன்று முதல் மூன்று மாதம் வரையில் திரும்ப அழைக்கும் திட்டத்தில், தன் பணத்தில் படித்தவர்களோடு, கிழக்கு ஜெர்மனியில் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. பாகம் பிரிந்திருந்த பங்காளி இறந்துபோனால் அவன் சொத்தை எடுத்துக்கொள்ள எவரும் வருவார்கள். அவன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த விருந்தாளியை 'நம் வீட்டுக்கு வா' என்று அழைப்பவர் எத்தனை பேர்? இதற்கும் ஒரு சுயநலம் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். அப்படிப்பட்ட சுயநலம் நம்மவருக்கும் கொஞ்சம் வந்தால் நல்லது.

ஜூன் மாதத்தில் லைப்ஸிக் ரயில் நிலையத்தில் இறங்கினேன். 1915-இல் கட்டி முடித்த அந்தப் பிரம்மாண்டமான கட்டிடம் அப்படியே இருந்தது. ஆனால் நாசிக்கு ஏதோ குறைந்தது. என்னவென்று சற்று நேரம் நின்று யோசித்தேன். பழுப்பு நிலக்கரிப் புகையின் நெடி! என் காலத்தில் அந்தப் புகைதான் ஊரின் விலாசம். இப்போது அதைக் காணோம். ஊருக்குத் தெற்கே நிலக்கரி வெட்டிய குழிகளில் நீர் நிரம்பி, ஜனங்கள் படகு விட்டு நீந்தி விளையாடும் ஏரிகள் ஆகிவிட்டன.

சர்வகலாசாலைக்குப் போனேன். நான் படித்தபோது அதன் பெயர் கார்ல் மார்க்ஸ் சர்வகலாசாலை. 1953-இல் சூட்டிய அந்தப் பெயர் 1991-இல் நீங்கிவிட்டது. பிரதான வாயிலுக்கு மேல் 33 டன் எடையுள்ள வெண்கலத்தில் மார்க்ஸின் முகம் வார்த்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் பல நூற்றாண்டுகள் நின்ற சர்வகலாசாலைக் கோயிலை 1968-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்துவிட்டே அந்தக் கட்டிடத்தை எழுப்பினார்கள். இப்போது மார்க்ஸின் முகத்தை இறக்கி வேறொரு வளாகத்தின் புல்தரையில் வைத்திருக்கிறார்கள். தகர்த்த கோயிலின் சாயலில் கட்டிய புதிய மண்டபம் 2017-இல் திறக்கப்பட்டது. முகத்தை உருக்கிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பலகை வைத்து, நடந்தது என்னவென்று எழுதிவிட்டார்கள்.

அந்த சர்வகலாசாலை தோன்றியது 1409-ஆம் வருஷத்தில். பிராக் நகரத்தில் ஏற்பட்ட சச்சரவினால் அங்கிருந்து வெளியேறிய ஆசிரியர்களும் மாணாக்கர்களும் வந்து ஆரம்பித்தார்கள். அதாவது, அயலூரிலிருந்து வந்தவர்கள் வைத்த அடுப்பு அது. அதன் பிறகு எத்தனை ராஜாக்கள், எத்தனை சர்க்கார்கள்! கொடிகள் மாறின, பெயர்ப்பலகைகள் மாறின, பாடம் மட்டும் நிற்கவில்லை. எல்லாம் தப்பிப் பிழைத்தன என்றும் சொல்வதற்கில்லை. என் நண்பர்கள் பலர் படித்த வெப்ப மண்டல விவசாய நிலையம் 1990-க்குப் பிறகு மூடப்பட்டுவிட்டது. மிருக வைத்தியப் பகுதி பிழைத்தது என் பாக்கியம்.

அங்கே எனக்கு இடம் கொடுத்த பேராசிரியை, நான் ஆராய்ச்சி செய்தபோது முதல் வருஷ மாணவி. பூதக்கண்ணாடியில் புழுவின் முட்டையை எண்ணுவது எப்படி என்று அந்தக் குழந்தைக்கு நான்தான் காட்டிக் கொடுத்தேனாம். எனக்கு நினைவில்லை, அவருக்கு நினைவிருந்தது.

ஒருநாள் என்னை ஓர் ஆட்டுப் பண்ணைக்கு அழைத்துச் சென்றார். அந்த வருஷம் ஜெர்மனியில் கடும் கோடை. மழை பொய்த்துப் புல் எல்லாம் வைக்கோல் நிறமாகக் கிடந்தது. சில ஆடுகள் மந்தையின் பின்னால் தள்ளாடி வந்தன. நான் ஓர் ஆட்டைப் பிடித்துக் கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய சதை காகிதம்போல் வெளுத்திருந்தது. நாலாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் என் பழைய சிநேகிதப் புழுவேதான்! அக்காலத்தில் அதை 'வெப்ப தேசத்துப் புழு' என்று அங்கே ஒதுக்கிப் பேசுவார்கள். இப்போது அது அவர்களுடைய புல்தரையிலும் குடியேறிவிட்டது.

"மந்தை முழுவதற்கும் மருந்து கொடுத்துவிடட்டுமா?" என்று பண்ணைக்காரர் கேட்டார். "வேண்டாம், இமை வெளுத்ததற்கு மட்டும் கொடுங்கள்" என்றேன். எல்லா ஆட்டுக்கும் ஓயாமல் மருந்து கொடுத்தால், அந்த மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் எஞ்சிப் பெருகும். பிறகு எந்த மருந்தும் பலிக்காது. இமையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் முறையைத் தென்னாப்பிரிக்காவில் சாஸ்திரமாக்கினார்கள். ஆனால் இமையை விலக்கிப் பார்க்க எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர், எங்கள் பக்கத்தில் வயலில் கிடை போட வரும் ஒரு கிழட்டுக் கீதாரி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பாடத்தை நான் சாக்ஸனி நாட்டுப் பண்ணைக்காரருக்குச் சொன்னேன். பேராசிரியை குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அன்றைக்குத்தான், நான் வாங்குவதற்கு மட்டும் வந்தவன் அல்ல என்ற நினைவு எனக்கு உண்டாயிற்று.

இந்தக் கொடுக்கல் வாங்கல் புதிதும் அல்ல. லைப்ஸிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் கிரவுல் என்பவர் தமிழ் நாட்டுக்கு வந்து தமிழ் கற்றுத் திரும்பி, 1856-இல் திருக்குறளை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து அதே லைப்ஸிக்கில் அச்சிட்டார். செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரம் அந்த ஊர் அச்சு இயந்திரத்தில் ஏறி 160 வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. அதிகாரத்தைப் படிப்பது வேறு, அதன்படி நிற்பது வேறு என்பதை நான் அங்கிருந்து புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் அறிந்தேன்.

அந்த வாரம் சர்வகலாசாலையின் பழஞ்சுவடிக் காரியாலயத்துக்குப் போய், என் பெயரையும் வருஷத்தையும் கொடுத்து, என் தஸ்தாவேஜு இருந்தால் பார்க்கலாமா என்று கேட்டேன். இரண்டாம் நாள் வரச் சொன்னார்கள். போனேன். மேஜையின் மேல் ஒரு சாம்பல் நிற உறை இருந்தது. உள்ளே நான் 24-வது வயதில் தப்பும் தவறுமாக எழுதிய விண்ணப்பம். மீசை சரியாக முளைக்காத புகைப்படம். ஹெர்டர் நிலையத்தில் வாங்கிய மதிப்பெண்கள். 'இம்மாணாக்கருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. கவனிக்கவும்' என்று எவரோ பென்சிலால் எழுதிய குறிப்பு. அந்த ராஜ்யம் போயிற்று. அந்த நாணயம் போயிற்று. அந்தப் பென்சில் எழுத்து மட்டும் போகவில்லை.

கண்ணில் நீர் துளிர்த்தது. ஆனந்தக் கண்ணீர் என்று அங்கிருந்த பெண்மணி நினைத்திருக்கலாம். வாஸ்தவத்தில், அந்தக் கணத்தில் எனக்கு வேறொரு கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது.

மௌலானா ஆஸாத் 1950-இல் ஆரம்பித்த இந்தியக் கலாசாரத் தொடர்புக் கழகம், அந்நிய நாட்டு மாணாக்கருக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து நம் நாட்டுக்கு வரவழைக்கிறது. அப்படி வந்த எதியோப்பிய இளைஞர் ஒருவர் 2005 முதல் இரண்டு வருஷம் என்னிடம் படித்தார். நல்ல பிள்ளை. பனிக்குப் பதில் வெயிலில் தவித்தார் என்பதைத் தவிர, லைப்ஸிக்கில் நான் இருந்ததற்கும் இங்கே அவர் இருந்ததற்கும் வித்தியாசம் இல்லை. 2016-இல் அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். மேற்படிப்புக்காகத் தம் மதிப்பெண் பட்டியலின் அத்தாட்சி நகல் வேண்டும் என்றும், கலாசாலைக் காரியாலயத்துக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லை என்றும், ஒரு மாதம் வந்து தங்கிப் புதிய முறைகளைப் பழகிக்கொள்ள இடம் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார். நான் அதைக் காரியாலயத்துக்கு அனுப்பினேன். 'பழைய கட்டு, தேட வேண்டும்' என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். அவருக்கு ஒரு வரி கூட எழுதவில்லை. என் பட்டம் செல்லுமா என்று ஒரு குமாஸ்தா கேட்டதற்காக ஒரு வருஷம் மனம் புழுங்கியவன் நான். அதே புழுக்கத்தை இரண்டு வருஷமாக இன்னொருவருக்குக் கொடுத்துக் கொண்டிருந்தேன்!

ஊருக்குத் திரும்பியதும் என் சகதர்மிணி, "என்ன, கடன் தீர்ந்ததா?" என்று கேட்டாள். "தீரவில்லை. ஆனால் யாரிடம் தீர்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது" என்றேன்.

மறு நாளே பழைய கட்டுகள் அடைந்து கிடக்கும் அறைக்குள் நுழைந்தேன். மூன்று தினங்கள் தூசியைத் தின்றேன். நான்காவது நாள், கரையான் ஒரு மூலையை ருசி பார்த்திருந்த கட்டு ஒன்றில் அந்தப் பிள்ளையின் பதிவு அகப்பட்டது. நகல் எடுத்து, முத்திரை வாங்கி, மன்னிப்புக் கேட்டு எழுதிய நீண்ட கடிதத்தோடு அனுப்பினேன். மேற்படிப்புக்குக் கெடு தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. கோபித்து ஒரு வார்த்தை இல்லை. 'என்னை நினைவு வைத்திருந்ததற்கு நன்றி' என்று எழுதியிருந்தார். கோபித்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திராது.

பழைய மாணாக்கரைத் திரும்ப அழைக்க எங்கள் கலாசாலை விதிகளில் இடம் இல்லை. ஆகையால் ஆசிரியர்கள் மூவர் சேர்ந்து கைப்பணம் போட்டோம். 2019-ஆம் வருஷம் அவர் மூன்று வாரம் வந்து தங்கினார். என் வீட்டுச் சாப்பாடு. வாசல் திண்ணை அறையில் படுக்கை. வந்த இரண்டாம் நாளே, ஆட்டு மந்தைகளில் நான் செய்துவந்த ஒரு பழக்கத்தைப் பார்த்து, "எங்கள் மலைநாட்டில் இப்படிச் செய்து ஏமாந்தோம், ஐயா" என்று பணிவாக எடுத்துச் சொன்னார். மழைக்கு முன்னால் மருந்து கொடுத்துவிட்டுச் சுத்தமான புதிய மேய்ச்சலுக்கு மந்தையை உடனே ஓட்டிவிட்டால், சாகாமல் தப்பிய புழுக்கள் மட்டுமே அங்கே குடியேறி வித்திட்டுவிடும் என்பது அவர் அனுபவம். அவர் சொன்னது சரி. 58 வயதுக்கு மேல் நான் ஒரு பாடம் கற்றேன்.

இப்போது என் மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எங்கள் கலாசாலையில் படித்துச் சென்ற அந்நிய நாட்டு மாணாக்கர்களின் பெயர், ஊர், வருஷம், பாடம் ஆகியவற்றை அதில் எழுதி வருகிறேன். நினைவிலிருந்து எழுதியபோது ஆறு பெயர்கள்தான் வந்தன. கட்டுகளைக் கிளறியபின் முப்பத்தொன்று ஆகிவிட்டது. சிலருக்குக் கடிதம் எழுதினேன். சிலர் பதில் போட்டார்கள். ஒருவர் தம் தேசத்தின் பெயரே மாறிவிட்டது என்று எழுதியிருந்தார்.

அவருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "அதனால் பாதகமில்லை. உங்கள் பெயர் எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. சௌகரியப்பட்டபோது வாருங்கள்."